நரைத்த தலையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பவர்களுக்கு

நாற்பதைத் தாண்டிப் பிள்ளை பெற்றவர்களும் தத்தெடுத்தவர்களும் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே தொடங்கிய வழக்கம் இது. மகள் பிறக்கும்போது எனக்கு வயது 44. நான் ஓய்வு பெற்ற வருடம் அவள் பிளஸ் ஒன்னில் சேர்ந்தாள். இப்போது பிளஸ் டூ. பாளையங்கோட்டையில் நான் முன்பு தனியாக நின்ற பள்ளி வாசல்களில் இன்று நரைத்த தலைகளுக்குக் குறைவில்லை. கருத்தரிப்பு சிகிச்சைக்காக 2021இல் வந்த சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு வைத்திருக்கிறது. 55இல் தகப்பன் ஆகிறவர், பிள்ளை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது 65இல் இருப்பார்.

வருகிறவர்களில் பலர் வயதை மறைக்க வழி கேட்கிறார்கள். மறைக்க வேண்டாம், கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதை விரித்துச் சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன்.

1. "பேத்தியைக் கூப்பிட வந்தியளா ஆச்சி?" என்று பள்ளிக் காவலாளி கேட்பார். "மகள்" என்று சிரித்த முகத்தோடு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். கேட்டவர் மேல் தப்பில்லை. தலையைப் பார்த்து நியாயமாகத்தான் கணித்திருக்கிறார். எத்தனை வருடம் காத்திருந்தோம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம், எவ்வளவு செலவழிந்தது என்று அங்கே விளக்கப் புகாதீர்கள். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறது. அது உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். நீங்கள் கூசினால், கூச வேண்டிய விஷயம் தான்தான் என்று முடிவு கட்டிவிடும்.

தலைச்சாயம் பற்றியும் கேட்கிறார்கள். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு வாக்கில், "ஆண்டு விழாவுக்கு டை அடிச்சிட்டு வாம்மா" என்று பிள்ளை சொல்லலாம். அடித்துக்கொண்டு போங்கள். இதில் காப்பாற்ற வேண்டிய கொள்கை எதுவும் கிடையாது. மாமியார் வீட்டார் சொன்னார்கள், எதிர் வீட்டார் சொன்னார்கள் என்று மட்டும் அடிக்காதீர்கள்.

2. கழித்தல் கணக்குப் படிந்ததும் பிள்ளை உங்கள் வயதைப் போட்டுப் பார்க்கும். "நான் காலேஜ் முடிக்கும்போது உனக்கு என்ன வயசும்மா?" என்று ராத்திரி விளக்கணைத்த பிறகு கேட்கும். சரியான எண்ணைச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி, "அப்ப நீ செத்துப் போயிருவியா?" என்று வரும். "அதெல்லாம் இப்ப எதுக்கு, தூங்கு" என்று அடக்கினால் பயம் போகாது, உங்களிடம் கேட்பது மட்டும் நின்றுவிடும். நான் சொன்ன பதில்: "எல்லாரும் ஒருநாள் போகணும். நான் மாத்திரை ஒழுங்காப் போடுறேன், நடக்கிறேன், ரொம்ப நாள் இருக்கத்தான் பாக்கிறேன். நான் இல்லாமப் போனாலும் உன்னைப் பாத்துக்க இன்னார் இருக்காங்க." அந்த இன்னார் யார் என்று பெயர் சொல்ல முடிகிற நிலையில் நீங்கள் இருக்க வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தத்துப் பிள்ளையானாலும் சிகிச்சையில் பிறந்த பிள்ளையானாலும், கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ ஒரு பெரியம்மா சொல்லித் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். தத்தெடுப்புக்கான 2022ஆம் வருட விதிகளின்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெற கணவன் மனைவி வயதின் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயது வரை 90, எட்டு வயது வரை 100, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 110. ஆகவே ஐம்பதை நெருங்கி விண்ணப்பிக்கிறவர்கள் வீட்டுக்குப் பெரும்பாலும் ஓடியாடுகிற பிள்ளைதான் வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்கதை ஞாபகம் இருக்கும். மறைக்க நினைப்பதே வீண்.

3. பணம். இதில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், தொழில் புத்தி.

முழுநீளத் தாள் ஒன்றில் நான்கு பத்தி கோடு போடுங்கள். வருடம், பிள்ளையின் வகுப்பு, உங்கள் வயது, அந்த வருடம் வீட்டுக்கு வரும் பணம். பிள்ளை பட்டம் வாங்குகிற வருடம் வரை வரிசையாக எழுதுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 2021 முதல் 60. தனியாரில் பல இடங்களில் 58 முடிந்ததும் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். 44இல் பெற்றவருக்கு 58 என்பது பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பு. 60 என்பது பதினொன்றாம் வகுப்பு. கட்டணம் ஏறுகிற வருடமும் சம்பளம் நிற்கிற வருடமும் ஒரே வரிசையில் வந்து நிற்பதைத் தாளில் பார்த்தால்தான் உறைக்கும். முப்பதில் பெற்றவர்களுக்கு இந்தத் தாள் தேவையே இல்லை. நமக்கு இது இல்லாமல் ஆகாது.

செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரியில் வந்தது. பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும். பிறந்த நாளுக்கு முந்தின வாரம் மூச்சு வாங்க ஓடிவந்து நிற்கும் பெற்றோர் உண்டு. சட்டப்படி சரிதான். ஆனால் நம் மாதிரி ஆட்களுக்கு அது நஷ்டம். கணக்குத் தொடங்கியதிலிருந்து 15 வருடம் பணம் கட்ட வேண்டும், 21 வருடத்தில் முதிர்வு. மகளின் ஒன்பது வயதில், உங்கள் 53இல் தொடங்கினால் 68 வயது வரை கட்டுவீர்கள்; முதிரும்போது மகளுக்கு 30. பிறந்த வருடமே தொடங்கிவிடுங்கள். ஒரு நிதியாண்டில் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் கட்டலாம். சம்பளம் இருக்கும்வரை முடிந்த மட்டும் கட்டிவிட்டு, ஓய்வுக்குப் பின் 250க்கு இறங்கிவிடுங்கள், கணக்கு முடங்காது. மகள் பத்தாம் வகுப்புத் தேறியதும், அல்லது 18 வயது ஆனதும், முந்தின நிதியாண்டின் இறுதியில் இருந்த தொகையில் பாதி வரை மேற்படிப்புக்கு எடுக்கலாம். கையில் உள்ள பணத்தை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு இந்த விதி முக்கியம். மகன் என்றால் பொது வைப்பு நிதி இருக்கிறது. தமிழ்நாட்டுத் தபால் நிலையங்களில் அதைப் பொன்மகன் என்று சொன்னால் உடனே புரியும்.

ஓய்வில் வரும் மொத்தப் பணத்தைப் பிள்ளையின் சீட்டுக்கென்று ஒரே மூச்சில் தூக்கிக் கொடுக்காதீர்கள். 60 ஆனவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அதைக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுங்கள், முதல் அப்படியே இருக்கட்டும். குறைந்தால் கல்விக் கடன் வாங்குங்கள். பெற்றவர் கடனில் இணைந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஓய்வூதியம் மட்டும் உள்ளவர் என்றால் வங்கியில் கூடுதலாக நாலு கேள்வி கேட்பார்கள். அதனால் வேலையில் இருக்கும்போதே மேனேஜரைப் பார்த்துப் பேசி வையுங்கள். பிள்ளைக்காக எல்லாவற்றையும் கரைத்துவிட்டு 75இல் வெறுங்கையோடு நிற்கும் பெற்றோரை, வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடமே ஆன பிள்ளை எப்படித் தாங்கும்? தியாகம் என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

4. டேர்ம் பாலிசி எடுப்பதானால் சர்க்கரை வருவதற்கு முன் எடுங்கள். 40இல் கேட்கிற பிரீமியம் வேறு, 50இல் மருந்துச் சீட்டோடு போனால் கேட்கிற பிரீமியம் வேறு. கணவர் தன் பெயரில் எடுக்கும் பாலிசியை 1874ஆம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுத்தால், பணம் மனைவி மக்களுக்கே சேரும். அவருடைய கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. வியாபாரம் செய்கிறவர்கள் இதை அவசியம் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தோடு கொடுக்கும் தனிப் படிவம்தான், செலவொன்றும் இல்லை. வாரிசாக மைனர் பெயரைப் போடும்போது, அந்தப் பிள்ளைக்காகப் பணத்தைப் பெறப்போகும் பெரியவர் பெயரும் வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிறவர்களைக் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரசு வேலையில் இருப்பவர்கள் குடும்ப விவரப் படிவத்தில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணம் ஆன புதிதில் கொடுத்த படிவத்தில் பிள்ளை இருக்காது. மத்திய அரசு விதியிலும் பி.எஃப். ஓய்வூதியத்திலும் பெற்றவர் காலமானால் பிள்ளைக்கு 25 வயது வரை ஓய்வூதியம் உண்டு. பதிவில் பெயர் இல்லாவிட்டால் அதை வாங்குவதற்குள் பிள்ளை அலைந்து ஓய்ந்துவிடும்.

5. உடம்பு. நம் நாட்டுப் பெண்களுக்குத் தீட்டு நிற்பது பெரும்பாலும் 46, 47 வாக்கில். நாற்பத்து நான்கில் பெற்ற எனக்கு மகள் எல்.கே.ஜி. போகும்போது தொடங்கி ஒன்றாம் வகுப்பில் நின்றது. காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நின்று சம்படத்தில் இட்லியை அடுக்கும்போது, கழுத்திலிருந்து குப்பென்று ஒரு வெக்கை ஏறும். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். மார்கழி மாதத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் போய் நிற்பேன். அதற்குள் "ஒரு காலுக்கு சாக்ஸ் காணோம்" என்று சத்தம் வரும். எதற்கு என்று தெரியாமலே அழுகை வரும், கோபம் வரும். இதைக் குணக்கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு செய்கிற வேலை. மகப்பேறு மருத்துவரிடம் போனால் கேட்பார், வழி சொல்வார். சிகிச்சைக் காலத்தில் ஆஸ்பத்திரி வாசலைத் தேய்த்தவர்கள், பிள்ளை பிறந்த பிறகு தங்களுக்கென்று ஒருநாளும் போகமாட்டார்கள். எனக்குத் தெரிந்த எல்லாத் தாமதத் தாய்மாரும் இப்படித்தான்.

முப்பத்தைந்து வாக்கில் மகளைப் பெற்றவர்கள் பாடு வேறு. தாய்க்கு நிற்கிற வருடமும் மகள் பெரியவளாகிற வருடமும் ஒன்றாக வரும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் காரணமில்லாத எரிச்சல். இரண்டு பேரும் கதவை அறைந்து சாத்துவார்கள். நடுவில் அந்த மனுஷன் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மகளிடம் சொல்லிவிடுங்கள். "உனக்கு வந்திருக்கு, எனக்குப் போய்க்கிட்டிருக்கு, ரெண்டு பேருக்கும் கொஞ்ச நாள் கிறுக்குப் பிடிக்கும்" என்று என் சிநேகிதி ஒருத்தி தன் மகளிடம் சொன்னாள். இதைவிட நன்றாக டாக்டராலும் சொல்ல முடியாது.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவத்தோடு போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். பின்னாளில் சர்க்கரை நிரந்தரமாக வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். வருடா வருடம் ரத்தம் பாருங்கள். முழங்காலைக் காப்பாற்றுங்கள். வ.உ.சி. மைதானத்தைக் காலையில் சுற்றுவது யாருக்காக என்று கேட்டால், கூசாமல் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்காக என்று சொல்லுங்கள். விளையாட்டு விழாவில் பெற்றோர் ஓட்டப் பந்தயம் வைத்தால் ஓடாதீர்கள். ஸ்பூனில் எலுமிச்சம்பழம் என்றால் சேர்ந்துகொள்ளலாம்.

6. பாடம் சொல்லிக் கொடுக்கும்போது "எங்க காலத்துல" என்ற பேச்சை எடுக்காதீர்கள். பிளஸ் டூ தமிழ்நாட்டில் 1978இல் வந்தது. நான் அதன் ஆரம்பக் கூட்டத்தில் படித்தவள். என் மகள் புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, போனை மேலே காட்டினால் வீடியோ ஓடும். நாம் படித்த வகுத்தல் முறை சரியானதுதான், விடையும் சரியாகத்தான் வரும். ஆனால் டீச்சர் சொன்ன முறைக்கு மேலே நம் முறையைத் திணித்தால் பிள்ளைக்கு இரண்டுமே தங்காது. வாய்ப்பாடு, கையெழுத்து, கடிதம் எழுதுவது, தமிழில் சந்திப் பிழை திருத்துவது, இவற்றில் நம்மை அடிக்க ஆளில்லை. அங்கே நில்லுங்கள்.

7. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மற்ற தாய்மார் எல்லோரும் உங்கள் அக்கா மகள் வயதில் இருப்பார்கள். மாமியார் ஆகிவிடாதீர்கள். அவர்கள் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். நான் "அக்கான்னு சொல்லுங்க" என்று சொல்லிப் பார்த்தேன், பாதிப் பேர் மாறினார்கள். எந்த வேன் நேரத்துக்கு வரும், எந்த டியூஷனில் அடிக்கிறார்கள், எந்தத் தேர்வுக்கு எப்போது ஆன்லைனில் பதிய வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பதிலுக்குத் தரக்கூடியது நிதானம். அரைப் பரீட்சையில் ஆறு மார்க் போனதற்கு அழுகிற ஒரு சின்னப் பெண்ணிடம் "போகுது விடு" என்று சொல்ல நம்மைப் போல ஒருத்தி அங்கே வேண்டும். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு. ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது, மனு எழுதவும் தெரியும்.

8. தவமிருந்து பெற்ற பிள்ளை என்று வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள். சொல்லிச் சொல்லியே பிள்ளையை வாசல்படி தாண்ட விடாமல் செய்துவிடுவார்கள். நாம் பயந்தவர்கள். பிள்ளை பிறந்ததிலிருந்தே பயந்தவர்கள். பத்து வயது வரை ஊட்டிவிடுகிற வீடுகளைத் தெரியும். எட்டாம் வகுப்பிலும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிற அப்பாமாரைத் தெரியும். முப்பதில் பெற்றவர் பொத்தி வளர்த்தால், அவிழ்த்துவிட அவருக்கு இன்னும் வருடம் கிடக்கிறது. நமக்கு அப்படி இல்லை. நம் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரமே தனியாக நிற்கப் பழக வேண்டும். பன்னிரண்டு வயதில் தானே பஸ் ஏறி டிக்கெட் எடுக்க, பதினான்கில் சாதம் வடித்து ஒரு ரசம் வைக்க, பதினாறில் வங்கிக்குப் போய்ப் பணம் கட்டத் தெரிய வேண்டும். பையன் என்றால் ரசத்துக்கு விதிவிலக்குக் கிடையாது.

என் மகளுக்கு அரசின் விலையில்லா சைக்கிள் பிளஸ் ஒன்னில் கிடைத்தது. சமாதானபுரத்திலிருந்து முருகன்குறிச்சி வழியாகப் பஸ்களுக்கு நடுவே ஓட்டிப் போவாள். முதல் வாரம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனார். அவருக்கு 66 வயது. மூன்றாம் நாள் அவள் சிக்னலில் திரும்பிப் பார்த்து, "அப்பா, ஹெல்மெட் போடாம வராதீங்க" என்றாளாம். அதோடு நிறுத்திக்கொண்டார். இப்போது சங்கிலி கழன்றால் தானே மாட்டுகிறாள். கை கறுப்போடு வந்து சாப்பிட உட்காருவதுதான் சண்டை.

9. நம் பிள்ளைக்குச் சொந்தத்தில் சோட்டுப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். என் மகள் எல்.கே.ஜி.யிலேயே அக்கா மகளின் குழந்தைக்குச் சித்தி ஆகிவிட்டாள். ஆச்சி தாத்தாவும் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள், அல்லது படுக்கையில் இருப்பார்கள். ஒரு கையில் டயப்பரும் மறு கையில் வீட்டுப்பாடமுமாக நிற்பீர்கள். ஆகவே கூட்டாளிகளை வீட்டுக்கு வரவிடுங்கள். கூச்சல் போடட்டும், மத்தியானத் தூக்கம் கெடட்டும். ஒற்றைப் பிள்ளையாக இருந்தால் இதில் கஞ்சத்தனமே கூடாது.

10. 108க்கு எப்படிப் பேசுவது என்று ஏழு வயதிலேயே சொல்லிக் கொடுங்கள். தெருப் பெயர், அடையாளம், யாருக்கு என்ன ஆனது. ஒருமுறை பேசிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

11. இப்போது அந்த இன்னார். நீங்கள் இருவரும் இல்லாமல் போனால் பிள்ளை யாரிடம் வளரும் என்பதை எழுத்தில் வையுங்கள். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956இன் கீழ் தாயோ தகப்பனோ உயில் மூலம் காப்பாளரை நியமிக்கலாம். தகப்பன் எழுதிவைத்து முதலில் போய்விட்டாலும் தாய் இருக்கும்வரை தாய்தான் காப்பாளர். அதனால் இருவரும் தனித்தனி உயிலில் ஒரே பெயரை எழுதுங்கள். மற்ற மதத்தினர் 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தைப் பற்றி வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரை எழுதுவது? பாசத்தில் எல்லோரும் உடன்பிறந்த அக்காவை எழுதுகிறார்கள். அக்காவுக்கு உங்களைவிட வயது கூட. முப்பது, முப்பத்தைந்தில் இருக்கிற அண்ணன் மகன், தங்கை மகள் என்று பாருங்கள். அவர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர்கள் வீட்டுக்காரர் அல்லது வீட்டுக்காரியிடமும் தனியாகக் கேளுங்கள்; சம்மதம் அங்கேதான் தெரியும். விடுமுறைக்குப் பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பிப் பழக்குங்கள். பணத்தைக் கவனிப்பவரும் பிள்ளையைக் கவனிப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னால் சொந்தத்தில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

உயிலை வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சச்சரவு குறையும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்தில் பங்கு பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். உங்களைவிட இளையவர்களாக இருக்கட்டும், பக்கத்து வீட்டிலேயே கேட்கலாம். பள்ளி திறப்பதற்குள் முடித்துவிடுங்கள்.